குறை உறுதிப்படவில்லை

என் மேசை இழுப்பறையில் ஆறு ஜாப் கார்டுகள் கிடக்கின்றன. 2023 ஜூன் மாதத்திற்கும் 2024 மார்ச் மாதத்திற்கும் இடையில், ஒரே வண்டிக்காக ஒரே சர்வீஸ் சென்டரில் எழுதப்பட்டவை. வாடிக்கையாளர் சொல்லும் குறை என்ற கட்டத்தில், பிரேக் மிதி அடிவரை இறங்கிவிடுகிறது என்று நான்கு அட்டைகளிலும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் காரணமின்றி எரிகின்றன என்று இரண்டு அட்டைகளிலும் எழுதியிருக்கிறது. அவற்றுக்கு எதிரே ஆறு அட்டைகளிலும் ஒரே ஆங்கில வாசகம். தமிழில் சொன்னால், "சோதித்ததில் குறை உறுதிப்படவில்லை."

நான் கணக்குத் தணிக்கை செய்பவள். ரசீது இல்லாத செலவை ஒப்புக்கொள்ள முடியாது என்று தேயிலைத் தோட்ட மேலாளர்களிடம் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஆகவே பதிவில் இல்லாததை நம்ப மறுப்பவர்களின் மனநிலை எனக்குப் புதிதன்று. கையில் ரசீது இல்லாதவளாக அந்த மறுப்புக்கு எதிரே நின்றதுதான் புதிது.

வண்டியை 2023 பிப்ரவரியில், பழைய கார்களை வாங்கி விற்கும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றில் வாங்கினேன். 2017ஆம் ஆண்டு டீசல் எஸ்யுவி, ஓடியிருந்தது 71,000 கிலோமீட்டர், விலை 7,40,000 ரூபாய். மாதம் இரண்டு முறையாவது வால்பாறைக்குப் போய் வர வேண்டிய வேலை என்னுடையது. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர் தொலைவு. ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்பு வைத்திருந்த சிறிய காரின் அடிவயிறு தோட்டச் சாலைகளின் கற்களில் உரசி உரசி, சைலன்சரை இரண்டு முறை மாற்றியிருந்தேன். அதனால்தான் உயரமான வண்டி. விற்றவர்கள் ஒரு சோதனை அறிக்கையும் கொடுத்தார்கள். 140 அம்சங்கள், அத்தனைக்கும் பச்சை நிற டிக். பிரேக் பகுதியில் பேட் தேய்மானம், டிஸ்க், ஆயில் அளவு, ஹேண்ட் பிரேக் என்று நான்கு வரிகள், நான்கும் 'நன்று'. அந்த அறிக்கையைப் பொய் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அதில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அந்த விடைகள் சரியானவையே.

முதல் முறை நடந்தது ஜூன் மாதத்தில். மாலை நான்கு மணிக்கு வால்பாறையிலிருந்து இறங்கத் தொடங்கினேன். புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் என்பது அவ்வழியே போகிற அனைவருக்கும் தெரியும். தெரிந்தும், குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு தாய்க்குரங்கு குறுக்கே வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்த பலத்தையெல்லாம் காலில் கொடுத்து மிதித்தேன். சாலை ஈரமாக இருந்தது. மிதி காலுக்கடியில் தடதடவென்று அதிர, வண்டி வழுக்காமல் நேராக நின்றது. குரங்கு எதுவும் நடவாதது போல் மரத்தில் ஏறிவிட்டது. சக்கரம் சிக்கி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று மனத்துக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

அதன்பின் அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருப்பேன். கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருந்தபோது, 27 என்ற எண்பலகை தெரிந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க மிதித்தேன். மிதி, நனைந்த பஞ்சில் கால் வைத்தாற்போல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் இறங்கியது. மறுபடி மிதித்தேன், பாதியில் ஏதோ தட்டுப்பட்டது. மூன்றாவது மிதியில் பிடித்தது. அதற்குள் வண்டி வளைவின் வெளிவிளிம்பு வரை போயிருந்தது; எதிரே ஏறி வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் என்ன நினைத்தாரோ, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பின்னோக்கி எடுத்து எனக்கு வழிவிட்டார். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்தவர். முதல் கியருக்கு மாற்றி, ஒரு கையை ஹேண்ட் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு, மிதியை விட்டு விட்டு மிதித்தபடி ஆழியாறு வந்து சேர்ந்தேன்.

சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோக இரண்டு நாட்கள் ஆயின. அதற்குள் மிதி பெருமளவு பழைய நிலைக்கு வந்திருந்தது. சர்வீஸ் அட்வைசர் இளைஞர், மரியாதையானவர். ஸ்கேனரில், வண்டியின் கணினி குறையைக் கண்டால் பதிந்துவைக்கும் எர்ரர் கோடு எதுவும் இல்லை என்றும், மிதி சற்று மென்மையாக இருப்பது இந்த மாடலுக்கு இயல்பு என்றும், முன்னெச்சரிக்கையாக நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்திருக்கிறோம் என்றும் சொன்னார். பிரேக் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறார்கள். பிறகு, உடன் வந்திருந்த என் தம்பியைப் பார்த்து, "மலையில இறங்கும்போது மேடம் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றாங்களா சார்?" என்று கேட்டார். தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அவர் கேட்ட கேள்வி என்னை எரிச்சலூட்டினாலும் அதில் பொருள் இல்லாமல் இல்லை. நாம் பிரேக் ஆயில் என்று அழைப்பது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். டாட் 4 தரத்தில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரியாகிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் மிதியிலிருந்து காலை எடுக்காமல் வந்தால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் சூடு திரவத்துக்கு ஏறி, அது கொதித்து ஆவிக் குமிழ்களாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். நாம் காலால் கொடுக்கிற விசை முழுவதும் அந்தக் குமிழ்களைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோக, டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பேட் வரை எதுவும் போய்ச் சேர்வதில்லை. ஆகவே மிதி இறங்கியதற்கு அவர் சொன்ன காரணம் பாடப்புத்தகக் காரணம். நானும் ஏற்றுக்கொண்டேன், ஆயிலை முழுவதும் மாற்றச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்டில் அந்த விளக்கம் பொய்த்தது. கிணத்துக்கடவு அருகே சமதளச் சாலை, தூறல். ஓர் இருசக்கர வாகனம் சட்டென்று திரும்ப, நான் அழுத்தி மிதித்தேன். மறுபடியும் அதே தடதடப்பு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு தேநீர்க் கடையில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பி, ஈச்சனாரி வருவதற்குள் மிதி இறங்கியது. மலையும் இல்லை, இறக்கமும் இல்லை; டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், கைபொறுக்கும் சூடுதான். இதைச் சொன்னபோது அட்வைசர் தம் மேலாளரை அழைத்தார். மேலாளர், மிதியின் விசையைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மேல் சந்தேகப்பட்டார். உள்ளேயிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்தால் திரவம் முன்னால் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும், மிதி இறங்கும் என்றார். அதுவும் நடக்கக்கூடியதே. 11,300 ரூபாய்க்குப் புதிய மாஸ்டர் சிலிண்டர் போடப்பட்டது. அட்டையில் மட்டும் 'குறை உறுதிப்படவில்லை' என்றே எழுதியிருந்தார்கள். உறுதிப்படாத குறைக்கு ஏன் உதிரிபாகம் மாற்றினீர்கள் என்று தணிக்கைக்காரியின் குரலில் கேட்டேன். உங்கள் மனத்திருப்திக்காக, என்றார்கள்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லையும் கூடவே வளர்ந்து வந்தது. மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி சில நாட்களில் இருக்கும், சில நாட்களில் 'இயங்கவில்லை' என்று எச்சரிக்கும். வேகமானியின் முள் ஓடுகிற வண்டியில் ஒரு நொடி சுழியத்துக்கு விழுந்து எழும். அந்த நொடியில் ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், ஸ்டியரிங் என்று மூன்று விளக்குகளும் சேர்ந்து எரிந்து அணையும். நெடுஞ்சாலையில் போன் காட்டுகிற வேகத்தோடு ஒப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. பொதுவாக வேகமானிகள் உள்ள வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். இது குறைத்துக் காட்டியது. சர்வீஸ் சென்டரில் இவற்றையெல்லாம் சாஃப்ட்வேர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். இரண்டு முறை சாஃப்ட்வேர் அப்டேட் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாக் கோடுகளையும் முதலில் அழித்துவிட்டு, வண்டியை வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்து, ஒன்றும் இல்லை என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். கல்லாவைக் காலி செய்துவிட்டு இருப்பு எண்ணுவதைப் போன்ற நடைமுறை அது. எங்கள் தொழிலில் இப்படிச் செய்தால் உரிமம் போய்விடும்.

இணையத்தில் 400 ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள 16 பின் சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன். எஞ்சினின் கோடுகளை மட்டுமே அது படிக்கும், ஏபிஎஸ் பெட்டியின் கோடுகளை எட்டிப் பார்க்காது என்பது பிறகுதான் தெரிந்தது. எஞ்சின் உடல்நலத்துடன் இருந்தது.

இந்தக் கட்டத்தில் நானும் ஒரு பிழை செய்தேன். பிரேக் என்பது இரும்பும் எண்ணெயும் மட்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. படிக்கத் தொடங்கியபின் அது எதிர்த்திசையில் சாய்ந்து, எல்லாமே சாஃப்ட்வேர் என்றாகிவிட்டது. 1978இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் புதிய மாடல் கார்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் அது கட்டாயமாயிற்று. 2010 பிப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் ப்ரியஸ் முதலான தன் ஹைப்ரிட் கார்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. மேடு பள்ளமான சாலையிலோ வழுக்கும் சாலையிலோ பிரேக் பிடிக்கும்போது ஒரு கணம் பிடிப்பு விட்டுப்போவதுபோல் இருக்கிறது என்று ஓட்டுநர்கள் முறையிட்டிருந்தார்கள். தீர்வு ஏபிஎஸ் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுவதாக இருந்தது. இதைப் படித்ததும் என் வண்டியின் கதையும் இதுதான் என்று முடிவு கட்டினேன். தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளின் பட்டியலில் என்னுடையது இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பார்த்தேன். இல்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுக்கிறது. 2021 ஏப்ரல் முதல் அதற்கு விதிகளும் உண்டு, அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை. அந்த விதிகளையும் வரிவரியாகப் படித்தேன். இரண்டு மாதங்கள் இப்படிப் போயின. ஒரு மாடல் முழுவதற்கும் பொதுவான பிறவிக் குறைக்காக எழுதப்பட்ட சட்டத்தில், ஒரே ஒரு வண்டிக்கு இடைவழியில் நேர்ந்த விபரீதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் மூன்றாவது முறை. ஒன்பதாவது வளைவில், ஆழியாறு அணை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற அந்தக் காட்சிமுனைக்கு அருகே, வரையாடுகள் சாலையில் நின்றன. மிதித்தேன், தடதடத்தது, நின்றது. சுற்றுலா வந்தவர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பி நான்கு வளைவு இறங்குவதற்குள் மிதி போயிற்று. இம்முறை என் தாயார் உடன் இருந்தார். "வண்டியை நிறுத்திட்டு பஸ்ஸுல போயிரலாம் வா" என்றார். குரங்கு அருவிக்கு அருகே ஓரங்கட்டி, உண்மையிலேயே பேருந்தில்தான் போனோம். வண்டியை மறுநாள் ஓர் இழுவை வாகனம் கொண்டுபோனது. நான்காவது முறை 2024 பிப்ரவரியில், பொள்ளாச்சி புறவழிச்சாலையில் மணல் சிந்தியிருந்த இடத்தில்; அதை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தேன். தேதி, நேரம், கிலோமீட்டர், மழையா வெயிலா, எத்தனை பேர் இருந்தோம், முந்தைய ஒரு மணி நேரத்தில் என்னென்ன நடந்தது, மிதி எத்தனை முறை மிதித்ததும் பிடித்தது. இது துப்பறியும் ஆவலால் செய்ததன்று, தொழில் பழக்கம். சர்வீஸ் சென்டரில் இந்த நோட்டைக் காட்ட முற்பட்டபோது, ஜாப் கார்டில் அதற்கான கட்டம் இல்லை என்றார்கள்.

அதைப் படித்தவர் பொள்ளாச்சியில் கோவை சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதிய மெக்கானிக். தோட்டத்து ஜீப்புகளையும் தேங்காய் ஏற்றும் வண்டிகளையும் பார்ப்பவர். தோட்ட ஓட்டுநர் ஒருவர் சொல்லி, மார்ச் கடைசியில் அவரிடம் போனேன். வண்டியைத் தொடுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

"ஏனுங்க அம்மணி, நாலு தடவையும் மிதி தடதடன்னதுக்கு அப்புறந்தானுங்களே இறங்கியிருக்குது?"

ஆமாம், நானே எழுதியிருக்கிறேன், நான்கு இடத்திலும். எழுதிய எனக்கு அது தெரியவில்லை. அந்த அதிர்வை ஆபத்திலிருந்து காப்பாற்றிய நிகழ்ச்சியாகவே நினைத்திருந்ததால், ஆபத்துக்கு அதைக் காரணமாக எண்ணத் தோன்றவேயில்லை.

அவர் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். ஏபிஎஸ் என்பது மாஸ்டர் சிலிண்டருக்கும் சக்கரங்களுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அலுமினியக் கட்டி. அதற்குள் வால்வுகளும் ஒரு சிறிய பம்பும் உண்டு, மேலே ஒரு மின்னணுப் பெட்டி ஒட்டியிருக்கும். சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது திரவம் அந்தக் கட்டியின் ஒரு பாதை வழியே நேராகச் சக்கரத்துக்குப் போய்விடும். சக்கரம் சிக்கிக்கொண்டு வழுக்கப் போகிறது என்று உணரி சொல்லும்போது மட்டும் வேறொரு வால்வு திறந்து, அழுத்தத்தை ஓர் உள்ளறைக்கு வடித்து, பம்பு அந்தத் திரவத்தை மறுபடி மேலே தள்ளும். நொடிக்குப் பல முறை இது நடப்பதால்தான் காலில் அந்தத் தடதடப்பு. மற்ற நேரமெல்லாம் அந்த உள்ளறையின் வால்வு மூடியே இருக்கும். அங்கே காற்று சிக்கியிருந்தால், சக்கரங்களில் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது வெளியே வராது. ஸ்கேனரால் வால்வுகளைத் திறந்து மூட வைத்து, பம்பை ஓட்டியபடி எடுத்தால்தான் வரும். அப்படி எடுக்காமல் விட்ட வண்டியில், ஏபிஎஸ் வேலை செய்யும் நாளில் பம்பு அந்தக் காற்றைப் பிரேக் பாதைக்குள் தள்ளிவிடும். பிறகு மிதித்தால் மிதி இறங்கும். வண்டி இரண்டு நாள் நின்றால் குமிழ்களில் சில மேலேறி ஆயில் டப்பாவுக்குப் போய்விடும், மிதி ஓரளவு தேறிவிடும். காற்று எந்த உணரிக்கும் தென்படுவதில்லை. ஆகவே கோடும் இல்லை.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று வெளியேறியிருந்தால் நாளடைவில் தீர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். அவர் ஜாப் கார்டுகளைக் கேட்டு வாங்கி, இரண்டாவதை எடுத்து விரலால் தட்டினார். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள் அல்லவா, அப்போது பாதை முழுவதும் காற்று ஏறி, பழையபடி சக்கரங்களில் மட்டும் எடுத்துவிட்டு அனுப்பியிருப்பார்கள் என்றார். என் மனத்திருப்திக்காகச் செய்த வேலைதான் அடுத்த இரண்டு முறைக்குத் தீனி போட்டிருக்கிறது.

ஆனால் முதல் காற்று எப்படி வந்தது? மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவதற்கு முன்பே ஜூனில் மிதி இறங்கியதே. அதற்கு அவர் விடை சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தவர், இந்தக் கட்டியின் பிரேக் பைப் நட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறது, கம்பெனியில் போட்டபடி இல்லை என்றார். பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்தார். எல்லாப் பெட்டிகளையும் படிக்கிற ஸ்கேனரும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போகிற எலக்ட்ரீஷியன். சாக்கெட்டில் செருகிப் பதினைந்து நிமிடம் பேசாமல் இருந்தார்.

"அக்கா, ஆர்சி கார்டு வெச்சிருக்கீங்களா? சேஸிஸ் நம்பரைப் படிங்க."

படித்தேன். பதினேழு எழுத்தும் எண்ணும்.

"கடைசி ஆறை மட்டும் இன்னொரு தடவை படிங்கக்கா."

படித்தேன். அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எஞ்சின் பெட்டியில் என் வண்டியின் எண் இருந்தது. டாஷ்போர்டில் என் வண்டியின் எண் இருந்தது. ஏபிஎஸ் பெட்டியில் இருந்தது வேறொரு எண். "உங்க பிரேக்கு, தான் வேற வண்டியில இருக்கறதா நெனச்சுட்டிருக்குதுக்கா" என்றார்.

சாஃப்ட்வேர் என்று ஆறு மாதம் அலைந்த எல்லாத் தொல்லைகளும் அந்த ஒரு வரியில் வரிசையாக வந்து நின்றன. இக்காலக் கார்களில் கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று கேன் என்ற பொதுக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய முறை அது. சக்கரங்களின் சுழற்சியை எண்ணி வண்டியின் வேகத்தை மற்றவற்றுக்குச் சொல்வது என் வண்டியில் ஏபிஎஸ் பெட்டிதான். அந்தப் பெட்டிக்குள் டயரின் சுற்றளவு, வண்டியின் எடை, எந்தெந்த வசதிகள் உண்டு என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். என் வண்டியில் இருந்த பெட்டி, அதே மாடலில் சிறிய டயர் பொருத்திய கீழ்நிலை வண்டி ஒன்றுக்காக எழுதப்பட்டது. ஆகவே வேகத்தைக் குறைத்துச் சொன்னது. மேட்டில் பிடித்துக்கொள்ளும் வசதி தனக்கு உண்டா இல்லையா என்பதில் மற்றப் பெட்டிகளோடு முரண்பட்டது. முரண்பாடு முற்றும் நேரத்தில் சில நொடிகள் பேச்சையே நிறுத்திக்கொண்டது. பேச்சு நின்றதற்கான கோடுகள், 'யு' என்ற எழுத்தில் தொடங்குபவை, வரலாற்றுப் பகுதியில் பதிவாகித்தான் இருந்தன. சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்யும் முன் அழித்தவை அவைதான். அவர்களுடைய கருவியும் அந்தப் பதினேழு எழுத்தைக் காட்டியிருக்கும் என்கிறார் இளைஞர். ஆர்சி கார்டோடு அதை ஒப்பிட்டுப் படிப்பது யாருடைய வேலையும் இல்லை.

முதல் உரிமையாளரைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை, ஆவணங்களில் அவர் எண் இருந்தது. தயங்காமல் பேசினார். 2021இல் முன்பக்கம் ஒரு சிறு மோதல், ஏபிஎஸ் யூனிட் உடைந்துவிட்டது, புதியது அறுபதாயிரத்துக்கு மேல் என்றதால் பட்டறைக்காரர் பழைய யூனிட் ஒன்றை வாங்கிப் போட்டார். "அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஓட்டினேங்க, ஒரு பிரச்சினையும் இல்லையே" என்றார். நான் நம்புகிறேன். அவர் ஓட்டியது நகரத்துக்குள், அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக. ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு அவர் ஒரு முறையும் மிதித்திருக்க மாட்டார். உள்ளறையில் அடைபட்ட காற்று, என்னையும் அந்தத் தாய்க்குரங்கையும் எதிர்பார்த்து இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்திருக்கிறது.

பழைய உதிரிபாகம் என்றாலே குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வந்த கதவும் கண்ணாடியும் கியர்பெட்டியும் எத்தனையோ வண்டிகளை ஓட வைத்திருக்கின்றன. என் அப்பாவின் அம்பாசிடர் பாதிக்கு மேல் அப்படித்தான் ஓடியது. ஆனால் அம்பாசிடரின் கதவுக்குத் தான் எந்த வண்டியின் கதவு என்ற நினைவு கிடையாது. நினைவுள்ள உதிரிபாகத்தை நினைவில்லாத உதிரிபாகத்தைப் போல் கழற்றி மாட்டுகிற பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் மாறவில்லை.

அந்தப் பெட்டியில் சேஸிஸ் எண்ணை ஒரு முறைதான் எழுத முடியும், அழித்து எழுத முடியாது என்று இளைஞர் சொன்னதால் புதிய யூனிட் வாங்கினேன். 61,500 ரூபாய். ஏப்ரல் இரண்டாம் வாரம் பொருத்தி, என் வண்டியின் எண்ணையும் டயர் அளவையும் எழுதி, பம்பை ஓட்டி ஓட்டிக் காற்றை எடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் குமிழ் வருவது நிற்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு மெக்கானிக் என்னை ஆளில்லாத ஒரு தென்னந்தோப்புச் சாலைக்கு அழைத்துப் போய், சரளை மண்ணில் வேண்டுமென்றே எட்டு முறை முழு பலத்துடன் மிதிக்க வைத்தார். எட்டு முறையும் தடதடத்தது. ஒன்பதாவது முறை மெல்ல மிதிக்கச் சொன்னார். மிதி, இருக்க வேண்டிய உயரத்தில் நின்றது. "இப்பத்தானுங்க சோதிச்சது" என்றார்.

விற்ற நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். தங்கள் 140 அம்சங்களில் கணினிப் பெட்டிகளின் எண்ணை ஒப்பிடுவது இல்லை என்று வருத்தத்துடன் பதில் வந்தது; கூடவே இலவச வாட்டர் வாஷ் கூப்பன் ஒன்றும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எனக்கு அதில் பத்து மாதம் மீதமிருந்தது, பயன்படுத்திக்கொள்ளவில்லை. அலுப்புதான் காரணம், பெருந்தன்மை இல்லை.

வேலை முடிந்த அன்று, கழற்றிய பழைய யூனிட் பட்டறைத் திண்ணையில் ஒரு கந்தல் துணிமேல் இருந்தது. பணம் கொடுத்துவிட்டு அதைக் கையில் எடுத்தபோது மெக்கானிக் சற்றுத் தயங்கினார். "அதை இங்கயே வெச்சுட்டுப் போங்க அம்மணி. நல்ல யூனிட்டுதானுங்க, யாருக்காச்சும் ஆகும்" என்றார். அவர் தப்பாக எதையும் நினைத்துச் சொல்லவில்லை. ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருள். நான் அதைச் சணல் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஸ்டோர் ரூமில், அம்மா பயன்படுத்தாத ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் ஒட்டிய தாளில் அதன் சேஸிஸ் எண்ணையும், எந்தத் தேதியில் எதற்காகக் கழற்றப்பட்டது என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.